‘வூட்டுக்குப் போனா’ என்று வாசித்த பிள்ளை: இனம், சாதி, எழுத்தறிவு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். சாயங்காலம் அதே ஊர்க் காலனியில் வாசிப்பு வகுப்பும் எடுக்கிறேன். ஆசிரியர் பயிற்சி படிக்கிற பிள்ளைகள், புதிதாக வேலைக்கு வந்தவர்கள், பெற்றோர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் உதவும் என்று தோன்றியது. சில பதில்கள் நீளம். பொறுத்துப் படியுங்கள்.

எழுத்துக்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம்? ‘அ’ எல்லாருக்கும் ‘அ’ தானே?

எழுத்து எல்லாருக்கும் ஒன்றுதான். அதை யாருக்கு எந்தக் குரலில் சொல்லித் தருகிறோம், திருப்பிச் சொல்லும்போது யார் சொன்னதைச் சரி என்கிறோம், யார் சொன்னதைத் தப்பு என்கிறோம், அங்கேதான் இனம் உள்ளே வருகிறது. நம் ஊரில் சாதி வருகிறது. ஒரு பிள்ளை வாசிக்கிறது என்றால் எதிரே உட்கார்ந்து கேட்கிற ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பிள்ளையின் தெரு தெரியும், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியும், வாயைத் திறந்ததுமே பாதி முடிவு செய்துவிடுவார். இந்தப் பக்கம் முழுக்க நான் பேசப்போவது அந்தக் கேட்கிற ஆளைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் கறுப்பினத்தவர் படிப்பதைச் சட்டம் போட்டே தடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. தெற்குக் கரோலினாவில் 1740-லேயே அடிமைகளுக்கு எழுதச் சொல்லித் தருவது குற்றம். வடக்குக் கரோலினா 1830-ல் எழுத, படிக்கச் சொல்லித் தருவதைத் தடை செய்தது. வர்ஜீனியாவில் 1831-ல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. காரணம் எளிது. எழுதத் தெரிந்தவன் தப்பிப்போக அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான், படிக்கத் தெரிந்தவன் நாலு பேருக்கு விஷயத்தைச் சொல்வான்.

ஃபிரெடெரிக் டக்ளஸ் என்பவர் சிறுவனாகப் பால்டிமோரில் அடிமையாக இருந்தபோது வீட்டு எஜமானி அவருக்கு எழுத்துகளைச் சொல்லித்தர ஆரம்பித்தார். அவர் கணவருக்குத் தெரிந்ததும் அதோடு நின்றது. பையன் விடவில்லை. தெருவில் பசியோடு திரிந்த வெள்ளைக்காரப் பையன்களுக்கு வீட்டு ரொட்டியைக் கொடுத்து, பதிலுக்கு அவர்களிடம் படித்துக்கொண்டார். 1845-ல் தன் கதையைத் தானே எழுதி அச்சிட்டார்.

அடிமை முறை ஒழிந்த பிறகும் கதை முடியவில்லை. தெற்கு மாநிலங்களில் ஓட்டுப் போட எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். கறுப்பினத்தவர் எவ்வளவு சரியாகப் படித்தாலும் தேர்வு வைக்கிற அதிகாரி நினைத்தால் தோல்வி. 1965-ல் வந்த வாக்குரிமைச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. பாருங்கள், அங்கேயும் கேட்கிற ஆள்தான் தீர்ப்பு சொல்கிறார்.

அது அமெரிக்கா. சாதியும் இனமும் ஒன்றா என்ன?

ஒன்று இல்லை. நிறத்தைப் பார்த்து யார் என்ன சாதி என்று சொல்ல முடியாது. இந்த விவாதம் பழையது. 2001-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன, இந்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் எதுவாக இருந்தாலும் வகுப்பறையில் அது வேலை செய்கிற விதம் ரொம்பவே ஒத்துப்போகிறது. அதனால்தான் அங்கே நடந்த ஆய்வுகள் நமக்கு உதவுகின்றன.

இங்கேயும் எழுத்தை மறித்த கதை உண்டு. அம்பேத்கர் பள்ளியில் தனியாகக் கோணிப் பையில் உட்கார்ந்து படித்ததும், பியூன் வராத நாளில் தண்ணீர் குடிக்க முடியாமல் இருந்ததும் அவரே எழுதியது. சென்னையில் 1894-ல் பிரம்மஞான சபையின் ஆல்காட் ஒடுக்கப்பட்டோருக்கென்று தனியாக இலவசப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது என்றால், மற்ற பள்ளிகளின் கதவு எப்படி இருந்தது என்று யோசித்துக்கொள்ளலாம்.

நம் மண்ணிலிருந்தே ஒன்று சொல்கிறேன். ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி. அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1953-ல், தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று சொல்லி மாநிலமே எதிர்த்தது, 1954-ல் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. இடமும் ஆசிரியரும் பற்றாமல்தான் அந்த ஏற்பாடு என்று அன்றைக்குச் சொன்னார்கள். இருக்கட்டும். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம்தான் எழுத்தோடு பழகுகிற ஒரே நேரம். அதைப் பாதியாக்கினால் யாருடைய வாசிப்பு பாதியாகும் என்பதில் சந்தேகமே இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு: 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளைத் தாக்கித் தீ வைத்தார்கள். வீட்டோடு சேர்ந்து பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களும் எரிந்தன.

ஆராய்ச்சி அறிவியல்தானே? அதில் எப்படி இனம் புகும்?

கேள்வியை யார் கேட்கிறார், எங்கே உட்கார்ந்து கேட்கிறார் என்பதிலேயே புகுந்துவிடும்.

1960-களில் அமெரிக்காவில் பெரிய பெரிய ஆட்கள் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ‘மொழியே இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைத் தனியாக ஒரு அறையில் உட்காரவைத்து, எதிரே முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் பொம்மையை மேசையில் வைத்து ‘இதைப் பற்றிச் சொல்லு’ என்பார். பிள்ளை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும், இல்லாவிட்டால் வாயே திறக்காது. உடனே ‘மொழி வளர்ச்சி குறைவு’ என்று எழுதிக்கொள்வார்கள். வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கின் ஹார்லெமில் இதைச் சோதித்துப் பார்த்து 1969-ல் எழுதினார். அவரோடு வேலை பார்த்த, அதே பகுதியைச் சேர்ந்த கறுப்பினத்தவர் ஒருவர் எட்டு வயதுப் பையனோடு பேசிப் பார்த்தார். அவரிடமும் முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைதான். அடுத்த முறை சிப்ஸ் வாங்கிக்கொண்டு போனார், பையனின் சிநேகிதனையும் கூட்டிக்கொண்டார், தரையில் உட்கார்ந்தார். பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள், ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டார்கள். அதே பையன், அதே நாக்கு.

இன்னொன்று, ‘மூன்று கோடிச் சொல் இடைவெளி’ என்று பயிற்சி வகுப்புகளில் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வருவதற்குள் வசதியான வீட்டுப் பிள்ளையைவிட மூன்று கோடிச் சொல் குறைவாகக் கேட்டிருக்கும் என்ற கணக்கு. ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் கன்சாஸ் பகுதியில் செய்த ஆய்வு, 1995-ல் வந்தது. மொத்தமே 42 குடும்பங்கள். அதில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவை 6, அந்த ஆறும் கறுப்பினக் குடும்பங்கள். இந்த ஆறு வீட்டை வைத்து உலகத்து ஏழைத் தாய்மார்கள் எல்லாரும் பிள்ளையோடு பேசுவதே இல்லை என்று பேச்சு கிளம்பிவிட்டது. 2018-ல் வேறு சிலர் ஐந்து ஊர்களில் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படியே வரவில்லை. ஒரே மாதிரி ஏழை ஊர்களுக்குள்ளேயே நிறைய வித்தியாசம் இருந்தது. அம்மா பிள்ளையைப் பார்த்துப் பேசுவதை மட்டும் எண்ணாமல், சுற்றி இருப்பவர்கள் பேசி அது காதில் விழுவதையும் சேர்த்தால் கணக்கே மாறியது.

நம் ஊரில் ஒரு பிள்ளை அம்மா பேச்சை மட்டுமா கேட்டு வளர்கிறது? பாட்டி, அத்தை, களத்து மேட்டில் பெரியவர்கள், பம்ப்செட்டில் துணி துவைப்பவர்கள். எண்ணுகிறவர் வீட்டுக்குள் மைக்கை வைத்துவிட்டுத் திண்ணையை விட்டுவிட்டால் பாதிப் பேச்சு போச்சு.

‘வீட்டிற்கு’ என்று எழுதியிருப்பதை ‘வூட்டுக்கு’ என்று வாசித்தால் பிழைதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பத்தியைக் கொடுத்தேன். முதல் வரி: ‘மாலா வீட்டிற்குச் சென்றாள்.’ ஊருக்குள்ளிருந்து வருகிற பையன் எழுத்தெழுத்தாக, ‘வீட்…டிற்…குச் சென்…றாள்’ என்று ஒரு புள்ளி தவறாமல் வாசித்தான். காலனியிலிருந்து வருகிற பெண் அட்டையைக் கையில் வாங்கினாள், ஒரு நொடி பார்த்தாள், ‘மாலா வூட்டுக்குப் போனா’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். பையனுக்கு டிக் போட்டேன். அவளுக்கு முதல் வரியிலேயே இரண்டு பிழை, மொத்தப் பத்தியில் ஆறு. ‘இன்னும் பயிற்சி தேவை’ என்று நோட்டில் எழுதினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்தியது. ‘சென்றாள்’ என்ற எழுத்துகளை எவ்வளவு கூட்டிப் படித்தாலும் ‘போனா’ என்ற சத்தம் வராது. எழுத்தைப் பார்த்து, பொருளைப் புரிந்துகொண்டு, தன் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படி மாற்றிச் சொன்னால்தான் ‘போனா’ வரும். அதாவது அந்தப் பிள்ளை வாசித்துவிட்டாள், அதற்கு மேலும் ஒரு வேலை செய்திருக்கிறாள். மறுநாள் இருவரையும் கூப்பிட்டு ‘மாலா எங்கே போனா? எதுக்குப் போனா?’ என்று கேட்டேன். அவள் கடகடவென்று சொன்னாள். அவன் அட்டையைத் திரும்பக் கேட்டான். நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். அந்தப் பையனையும் குறை சொல்லவில்லை, அவனுக்குப் பொருள் பிடிக்க உதவி தேவைப்பட்டது. நான் போட்ட டிக் அந்த உதவியை அவனுக்குக் கிடைக்கவிடாமல் செய்திருக்கும்.

இது எனக்கு மட்டும் நடந்த தவறு இல்லை. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் சிலரை ‘கற்றல் குறைபாடு’ என்று பள்ளி ஒதுக்க, தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். 1979-ல் நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர், பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பள்ளி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அது அவர்கள் வாசிக்கக் கற்பதற்குத் தடையாகிறது, ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லித்தர ஏற்பாடு செய்யுங்கள் என்று உத்தரவிட்டார். திருந்த வேண்டியது பிள்ளை இல்லை, பள்ளி என்று நீதிமன்றமே சொன்ன வழக்கு. ஆனால் 1996-ல் ஓக்லாண்ட் நகரப் பள்ளி வாரியம் இதே திசையில் ஒரு தீர்மானம் போட்டபோது நாடே கேலி செய்தது. ‘கொச்சையைப் பாடமாக்கப் பார்க்கிறார்கள்’ என்ற கூச்சலில் அவர்கள் சொல்ல வந்தது காணாமல் போனது.

அப்படியானால் நல்ல தமிழே சொல்லித்தர வேண்டாமா?

கண்டிப்பாகச் சொல்லித் தர வேண்டும். லிசா டெல்பிட் என்ற கறுப்பினக் கல்வியாளர் 1988-ல் இதைக் கோபமாகவே எழுதினார். பிள்ளை இயல்பாக இருக்கட்டும் என்று சொல்லி அதிகாரத்தின் மொழியை வெளிப்படையாகச் சொல்லித் தராமல் விட்டால் நஷ்டம் ஏழைப் பிள்ளைக்குத்தான், வசதியான பிள்ளைக்கு அது வீட்டிலேயே கிடைத்துவிடும் என்றார். நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். தமிழ் தெரிந்த எவரும் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. கலெக்டர் வீட்டுப் பிள்ளையும் ‘வீட்டிற்குச் சென்றேன்’ என்று அம்மாவிடம் பேசுவதில்லை. ஆனால் அவர்கள் பேசும் ‘வீட்டுக்குப் போனேன்’ யாருக்கும் உறுத்துவதில்லை, ‘வூட்டுக்கு’ மட்டும் உறுத்துகிறது.

நான் செய்வது இவ்வளவுதான். கரும்பலகையில் நடுவில் கோடு. இந்தப் பக்கம் ‘நம்ம பேச்சு’, அந்தப் பக்கம் ‘புத்தகத் தமிழ்’. வூடு – வீடு. போனா – சென்றாள். வாளப்பளம் – வாழைப்பழம். பிள்ளைகளே சொல்லச் சொல்ல எழுதுவேன். ‘தப்பு’ என்ற சொல் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கிடையாது.

தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? ஓசூர் பக்கம் பாதி வகுப்பு அப்படித்தானே?

ஆமாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் ஏராளம். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமாகி 2015-16-ல் பத்தாம் வகுப்பு வரை வந்தது. தமிழ் தெரிந்தால் இந்த மாநிலத்தில் பிள்ளைக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தாய்மொழியாகச் சொல்லித் தருவதும் இரண்டாம் மொழியாகச் சொல்லித் தருவதும் வேறு வேறு வேலை. நம் அட்டைகளும் படங்களும் எல்லாப் பிள்ளைக்கும் தமிழ் வீட்டு மொழி என்று நினைத்துச் செய்தவை.

வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் ஒருநாள் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ‘ஆ’ அட்டை, ஆட்டுப் படம். ‘இது என்ன?’ என்கிறார் டீச்சர். பிள்ளை சந்தோஷமாக ‘மேக்க’ என்கிறது. தெலுங்கில் ஆடு அதுதான். அப்புறம் ‘இ’ அட்டை, இலைப் படம். ‘ஆக்கு’ என்கிறது பிள்ளை. அதுவும் சரி. ‘அ’ அட்டையில் அணில், ‘உடுத’ என்கிறது. மூன்று படமும் அதற்குத் தெரியும், மூன்றுக்கும் சரியான பெயர் சொல்லியிருக்கிறது, ஆனால் ஒரு பெயரும் அட்டையில் இருக்கிற எழுத்தில் ஆரம்பிக்கவில்லை. படத்தைப் பார்த்து முதல் சத்தத்தைப் பிடி என்ற முறையே அங்கே அறுந்துபோகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரியுமா? பேசாமல் இருந்துவிடும். நாம் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியலில் சேர்த்துவிடுவோம்.

அந்த டீச்சர் கெட்டிக்காரர். அடுத்த வாரம் தானே அட்டை வரைந்தார். ‘ஆ’வுக்குப் பசு மாடு. தெலுங்கில் ஆவு, பழைய தமிழில் ஆ. ‘இ’க்கு வீடு, தெலுங்கில் இல்லு. நம் ‘இல்லம்’ பக்கத்திலேயே நிற்கிறது. ‘அ’வுக்கு அம்மா. ‘ஈ’க்கு ஈயே போதும், தெலுங்கில் ஈக. எழுத்து பிடிபட்ட பிறகு ஆடும் இலையும் தமிழ்ச் சொல்லாக வந்தன. இரண்டு மொழியும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று பிள்ளைகளுக்கே தெரிந்துபோனது எனக்கு ரொம்பப் பிடித்தது.

தெலுங்கு எழுத்து ஏற்கெனவே தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல். அங்கே ‘கல்’லில் வரும் சத்தத்துக்கு ஒரு எழுத்து, ‘அங்கே’யில் வரும் சத்தத்துக்கு வேறு எழுத்து, ச-வுக்கும் ஜ-வுக்கும் வேறு வேறு எழுத்து. நமக்கு ஒரே ‘க’தான் ‘கல்’லிலும் ‘அங்கே’யிலும் ‘பகல்’லிலும் மூன்று விதமாக ஒலிக்கும். அதை விதியாகச் சொன்னால் குழம்பும், சொற்களை வரிசையாகக் கேட்க வைத்தால் காது தானே பிடித்துக்கொள்ளும்.

மலைப் பிள்ளைகள், லம்பாடிப் பிள்ளைகள்?

சித்தேரி மலை, வத்தல்மலை, சிட்லிங்கி பள்ளத்தாக்கு. இங்கே மலையாளி என்றால் கேரளக்காரர் இல்லை, மலையில் வாழும் பழங்குடி. அவர்கள் பேசுவது தமிழ்தான், ஆனால் கீழே இருந்து போகிற ஆசிரியருக்கு அது ‘புரியாத தமிழ்’. சிட்லிங்கியில் இருக்கிற லம்பாடி மக்களின் மொழி வேறு குடும்பமே, அம்மாவை ‘யாடி’ என்பார்கள். முதல் ஆறு மாதமாவது வகுப்பில் அந்த மொழி தெரிந்த ஒருவர், அந்த ஊர் அக்காவோ அண்ணனோ, கூட இருப்பதைவிடப் பெரிய உபகரணம் எதுவும் கிடையாது.

பாடப்புத்தகத்தில் யார் வருகிறார்கள் என்பது அவ்வளவு முக்கியமா?

முக்கியம். 1965-ல் நான்சி லாரிக் என்பவர் அமெரிக்கச் சிறுவர் புத்தகங்கள் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்துப் பார்த்ததில், கறுப்பினத்தவர் ஒருவராவது வருகிற புத்தகம் நூற்றுக்கு ஏழுகூட இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து மையம் ஒன்று 1985-ல் எண்ணியபோது, அந்த வருஷம் வந்த சுமார் 2,500 புத்தகங்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ 18. ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர் 1990-ல், புத்தகம் பிள்ளைக்குத் தன்னைப் பார்க்கும் கண்ணாடியாகவும் அடுத்தவரைப் பார்க்கும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார்.

இங்கே நான் பார்த்தது: மாம்பழத்தைப் பற்றிப் பாடம் வரும், மாங்கூழ் ஆலையில் வேலைக்குப் போகிற அம்மா வரமாட்டார். வீட்டுப் படம் என்றால் ஓடு போட்ட வீடோ மாடி வீடோ. அப்பா பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய் மாசத்துக்கு ஒருமுறை வருவது எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அன்றாடம், அது எந்தப் பக்கத்திலும் இல்லை. அதனால் பிள்ளைகள் சொல்லச் சொல்ல நாங்களே எழுதி, ஏ4 தாளை மடித்துத் தைத்துச் சின்னப் புத்தகம் ஆக்குகிறோம். ‘பாட்டி புளி தட்டுகிறாள்’ என்ற எட்டுப் பக்கப் புத்தகம் கிழிந்து கிழிந்து மூன்றாவது முறை தைத்தாகிவிட்டது.

ஆசிரியர் மனசில் இருக்கும் சாதி மதிப்பெண்ணை மாற்றுமா?

மாற்றும், நமக்கே தெரியாமல். ஹன்னா, லிண்டன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இந்தியாவில் ஆசிரியர்களிடம் விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் இருந்த சாதி, வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் குலுக்கிப்போட்டு எழுதியது, விடைத்தாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2012-ல் வந்த முடிவில், ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதியிருந்த தாள்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே மதிப்பெண் விழுந்திருந்தது. கொஞ்சம்தான். ஆனால் எத்தனை வருஷம், எத்தனை தாள்?

ஹாஃப், பாண்டே என்ற இருவர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 642 பையன்களுக்குப் புதிர்ப்பாதை விளையாட்டு கொடுத்தார்கள், பாதிப் பேர் மேல்சாதி, பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதி. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரண்டு பக்கமும் சமமாகச் செய்தார்கள். எல்லார் முன்னாலும் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி என்று வாசித்த பிறகு ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த புதிர் எண்ணிக்கை இறங்கிவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து உதவித்தொகைப் படிவம் நிரப்ப ‘எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்க’ என்று வகுப்பில் யாரும் சொல்லக் கூடாது என்று எங்கள் பள்ளியில் சண்டை போட்டு நிறுத்தினேன். படிவத்தை வீட்டுக்கே கொண்டுபோய் நிரப்புகிறோம். 2023-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளத்தை எடுக்கச் சொன்னது. 2025-ல் அரசு மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியது. பலகை மாறியதில் சந்தோஷம், வருகைப் பதிவேட்டைக் கூப்பிடுகிற குரலும் மாற வேண்டும்.

தருமபுரி எழுத்தறிவில் கடைசி என்கிறார்களே, சாதிதான் காரணமா?

2011 கணக்கெடுப்பில் தருமபுரி 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.46. மாநிலச் சராசரி 80.09. சாதி மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய். மழை பொய்த்த மானாவாரி நிலம், செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு கிளம்புவது, பெண் பிள்ளைக்குச் சீக்கிரம் கல்யாணம், மலையில் பள்ளி தூரம், எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் இது ஒவ்வொன்றும் யார் மேல் கூடுதலாக விழுகிறது என்று பார்த்தால் திரும்ப அதே தெருக்கள்தான்.

அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது சரியா?

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறோம். எனக்கு அது பிடித்திருக்கிறது, எழுத்தே தெரியாத பிள்ளைக்குப் பத்தியைக் கொடுத்து அழவைப்பதைவிட எவ்வளவோ மேல். ஒன்றே ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிநிலையான அரும்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுந்து நின்று பாருங்கள். எல்லாரும் ஒரே தெருவாக இருந்தால் சோதனையைத் திரும்ப வையுங்கள், இந்த முறை வேறொரு ஆசிரியர் கேட்கட்டும்.

எனக்கே படிக்கத் தெரியாது டீச்சர், என் பிள்ளைக்கு நான் என்ன செய்வது?

ராத்திரி களி கிண்டும்போது பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள் அம்மா. முடிந்ததும் ‘என்ன கதை, எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். உங்களுக்கு நிஜமாகவே தெரியாது, அதனால் பிள்ளை நிஜமாகவே சொல்லும். பள்ளியில் நாங்கள் பதில் தெரிந்துகொண்டே ‘இது என்ன?’ என்று கேட்கிறோம், பல பிள்ளைகளுக்கு அது விசித்திரமாக இருக்கும். ஷெர்லி பிரைஸ் ஹீத் என்பவர் அமெரிக்காவில் ஒரு கறுப்பின ஊரில் வருஷக்கணக்கில் இருந்து இதையேதான் கண்டு 1983-ல் எழுதினார். வீட்டில் யாரும் கேட்காத மாதிரிக் கேள்வியைப் பள்ளியில் கேட்டால் பிள்ளை திகைத்து நிற்கும் என்று.

பிள்ளையைச் சாதி சொல்லியோ பேச்சைச் சொல்லியோ யாராவது மட்டம் தட்டினால் பேசாமல் இருக்காதீர்கள். அடிப்பதும் மனசைப் புண்படுத்துவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி தடை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லலாம், 14417-க்குப் போன் செய்யலாம்.

நான் இந்த மாவட்டத்தில் வாசிப்பு பற்றி ஆய்வு செய்யப் போகிறேன். எங்கே ஆரம்பிக்க?

தரையில் உட்காருவதில். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ஏசர் கணக்கெடுப்பில் பிள்ளையின் வீட்டுக்கே போய் எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்க வைக்கிறார்கள், வீட்டுக்குப் போவது நல்ல வழக்கம். ஆனால் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அதுவும் தேர்வு அறைதான். பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள். வாசிப்பதைப் பதிவு செய்து, அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவரோடு சேர்ந்து திரும்பக் கேளுங்கள், எது பிழை எது பேச்சு வழக்கு என்று இருவரும் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். பிள்ளையின் பெயரும் சாதியும் ஊரும் ஒரே தாளில் இருக்க வேண்டாம். முடிவை அந்த ஊருக்கே வந்து சொல்லுங்கள்.

போன வருஷம் ஒரு மாணவி எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அட்டையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவள் வற்புறுத்தவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு, புளி தட்டிக்கொண்டிருந்த அவன் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கொட்டை எடுக்க ஆரம்பித்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். பையனே அட்டையை எடுத்து வாசிக்கத் தொடங்கினான், கொஞ்சம் திக்கி, கொஞ்சம் தன் பேச்சில் மாற்றி. கடைசி வரியில் நின்று நிமிர்ந்து பார்த்தான். ‘அக்கா, எங்க பாட்டி சொல்ற கதையில நரி ஏமாந்துபோவும். இதுல மாத்தி எழுதிக்கிறாங்க’ என்றான். அவள் கொண்டுவந்த படிவத்தில் இதை எழுத ஒரு கட்டமும் இல்லை. படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் முழுக்க எழுதினாள்.